வாலில்லாத சில்லு

பிர்னோவில் இரண்டு நாளாக ஈரப்பனி.
ட்ராம் பணிமனையிலிருந்து நேரே வந்துவிட்டேன்,
சீருடைமேல் கோட்டு,
கையுறையில் தண்டவாள மணல்.

கடைப்பையன் க்விதோ
கண்ணாடி மேசையில் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்தான்.
இரண்டும் ஒரே தலைமுறை, ஆறு கோர்.
ஒன்றின் பெயருக்குப் பின்னால் மட்டும்
வால்போல ஓர் எழுத்து.
அந்த ஓர் எழுத்து ஆயிரத்து நானூறு கொருனா.

"வால் இருந்தால் பூட்டு இல்லை," என்றான்.
"வேகத்தை நீங்களே முடுக்கிக்கொள்ளலாம்."

லுபோஷின் சில்லுக்கு வால் இருந்தது.
அவனுக்கும்தான்.
மூன்று குளிர்காலம் ஒரே வீட்டில் இருந்தோம்.
நள்ளிரவில் நூறு மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவான்.
ஒரு மணிக்கு நீலத்திரை.
குழம்புக்கு உப்புப்போல
வோல்டேஜை ஒரு சிட்டிகை கூட்டுவான்,
மறுபடி ஏற்றுவான்.
தொண்ணூற்றாறு டிகிரி என்று திரை சொல்லும்;
காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில்போல
கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பான்.
மூன்று விசிறியும் அலறும்.
ஒரு விளையாட்டையாவது முழுதாக ஆடினானா,
நான் பார்க்கவில்லை.
பிரிந்து போன அன்று
முதலில் லிஃப்டில் இறங்கியது அந்தப் பெட்டிதான்,
என் போர்வையைச் சுற்றிக்கொண்டு.

"திரை எப்படி?" என்றான் க்விதோ.
நொடிக்கு அறுபது படம். பழசு.
"கிராஃபிக்ஸ் கார்டு?"
ஏழாம் தட ஓட்டுநர் ஸ்பினியெக் விற்றது, பாதி விலைக்கு.
முதலாளி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
குரலைத் தாழ்த்தினான்:
"அப்போ வால் எதற்கு?
இதுவே தேவைப்பட்டால் தானாக நாலரை வரை ஏறும்,
வேலை முடிந்தால் தானாக இறங்கும்.
விசிறியும் பெட்டிக்குள்ளேயே."

விரலுக்குத் தகுந்த வீக்கம்.
எளிய மதர்போர்டு எடுத்தேன்,
மிச்சத்தில் இரண்டு நினைவகப் பட்டை,
அதற்கும் மிச்சத்தில்
ஒரு புதுப் போர்வை.

சமையல் மேசையில் பிரித்தேன்.
மூலையில் பொன் முக்கோணம் பார்த்து,
மூச்சைப் பிடித்து, அழுத்தாமல் வைத்தேன்;
தானே அமர்ந்தது.
பசை ஒரு பட்டாணி அளவு.
நெம்புகோலை மடக்கும்போது வந்த முனகலில்
வயிறு ஒருமுறை கலங்கியது, பொய் சொல்லமாட்டேன்.
பிறகு ஒரு சிறு பீப்.

அறுபத்து நான்கு டிகிரி. ஒருமுறை பார்த்தேன்,
அந்த எண்ணை மூடிவிட்டேன்.

பகலெல்லாம் மணிக்கு ஐம்பது.
வளைவில் பதினைந்து.
கிழவர் ஒருவர் தடியோடு கடந்தால் பூஜ்யம்.
இப்போது கடற்கரைச் சாலையில்
முந்நூற்றுப் பத்தில் போகிறேன்,
சிவப்பு விளக்குகள் எனக்கில்லை,
ஒரு பழக்கடை பறக்கிறது,
ஒரு நீரூற்று,
ஒரு போலீஸ் கார்.

பக்கத்து வீட்டு யர்மிலா சுவரைத் தட்டுகிறாள்.
பெட்டியில் சத்தமே இல்லை.
கத்துவது நான்.