இடஞ்சுழி

பியூட் நகரத்தில் ஏப்ரல் என்றால்
பனி இன்னும் ஊரைக் காலிசெய்யவில்லை என்று பொருள்.
சந்தின் நிழல் பக்கம்
அழுக்குக் கோணிபோல் கிடக்கிறது.
மேலே குன்றில், மூடிப்போன சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்.
கீழே என் பழைய சுபாரு,
முன்சக்கரம் இரண்டையும் பிளாஸ்டிக் சாய்தளத்தில் ஏற்றிக்கொண்டு
சோற்றுக்குக் காத்திருக்கும் நாய்போல் நிமிர்ந்து நிற்கிறது.

கடையில் நூற்றுப் பத்து டாலர் கேட்டார்கள்.
அதுகூடப் பரவாயில்லை.
"நீங்களே ஆயில் மாத்தப் போறீங்களா, லெனோர்?" என்று
அந்த டுவேன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே,
அதற்கு ரசீது தரவில்லை.

அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து
மல்லாந்து நுழைந்தேன்.
ஆறு மாதமாக என்னைச் சுமப்பதன் வயிறு
இப்படித்தான் இருக்கும் போல:
உப்புச் சாலைகள் தின்ற துரு,
நான் இடிக்கவே இல்லை என்று சாதித்த இடத்தில் ஒரு நெளிவு,
எங்கோ சிக்கிய காய்ந்த புல் ஒரு கற்றை.

போல்ட் அசையவில்லை.
பதினேழாம் எண் ஸ்பேனர்.
என் முழு எடை.
என் அக்காவிடம் மட்டும் புழங்கும் வசவுகள்.
கடைசியில்தான் உறைத்தது,
கீழே படுத்தவளுக்கு
நின்றபடி கற்ற வலமும் இடமும் உதவாது என்று.
பத்து நிமிடமாக
அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சைக்கிள் ஒன்று நின்றது. சிவப்பு ரப்பர் பூட்ஸ் இரண்டு.
"செத்துட்டீங்களா?"
"இன்னும் இல்ல, எம்மெட்."
"சரி" என்று
கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனான்.

இடஞ்சுழியாகத் திருப்பினேன்.
ஒரு முனகல். கால் சுற்று. பிறகு விரலாலேயே.
பிறகு என்னைக் கேட்காமல்
கறுப்பாய், சூடாய், குபுக்கென்று,
மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வழியே
கக்கம் வரைக்கும் ஓர் எண்ணெய்க் குளியல்.
போல்ட் கைநழுவித் தட்டுக்குள் முழுகியது.
துழாவி எடுக்கும்போது நினைத்தேன்,
இது டுவேனுக்குத் தெரிய வேண்டாம்.

ஃபில்டர் வழுக்கியது, முரண்டியது,
உப்புத்தாள் சுற்றிப் பிடித்ததும் வந்தது.
துடைத்தால்
வெள்ளை மார்க்கரில் சாய்ந்த எழுத்து:
"1,61,300 மைல். ஜூன். போல்ட் மரை கொஞ்சம் போயிடுச்சு.
மன்னிக்கணும். மெதுவா போடு."

யாருக்கு?
மிசூலா ஏலத்தில் எடுத்த வண்டி.
சாவியோடு பேர் எதுவும் வரவில்லை.
டிக்கியில் ஒரு தூண்டில் முள்,
சீட்டுக்கடியில் எண்பது சென்ட் சில்லறை,
அவ்வளவுதான் எனக்கு அந்த ஆளைத் தெரியும்.
தனக்கே எழுதிக்கொண்டிருக்கலாம்;
தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறவர்கள் உண்டா என்ன?
இல்லை, இதன் அடியில் முதுகைக் கிடத்த
இன்னொருத்தர் வருவார் என்று
எண்ணெயில் அழியாத மையால் நம்பியிருக்கலாம்.
நூற்றுப் பத்து டாலர் கொடுத்திருந்தால்
இது டுவேனின் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்,
யாரும் வாசிக்காமல்.

நானோ பத்து நிமிடம் அந்த மரையை நெரித்திருக்கிறேன்.

பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று
விரலால் ஒரு சுற்றுத் தடவினேன்.
புது வளையத்துக்கு ஒரு சொட்டு ஆயில்.
மாட்டும் முன் மார்க்கர் தேடினேன்,
வீட்டில் இருந்தது பவழ நிற நகப்பூச்சுதான்.
மைல் எண்ணிக்கை, ஏப்ரல் என்று எழுதி ஊதிக் காயவைத்து,
இடம் மிச்சமிருந்ததால்
இன்னும் ஒரு வரி:
"மரை பிடிக்குது."
அப்போது பிடிக்குமா என்றுகூடத் தெரியாது.

போல்ட்டை மெதுவாகப் போட்டேன்.
இவ்வளவு மெதுவாக நான் எதையும் போட்டதில்லை.
தேன் நிறத்தில் நாலரை போத்தல் இறங்கியது.
அளவுக்குச்சியில் இரண்டு புள்ளிக்கு நடுவே ஈரம்.
எஞ்சின் ஓடட்டும் என்று விட்டு
முழங்காலிட்டுக் குனிந்தேன்.

அட்டையில் ஒரு சொட்டு.
இன்னொன்று.
தொட்டு முகர்ந்தேன்.
பனித்தண்ணீர்.