அறுபது காட்டிய முள்

டிமாருவில் ஜூலை என்றால் குளிருக்குப் பல் முளைக்கும்.
தெற்குக் காற்று கராஜின் தகரத்தை
இரவெல்லாம் பிடித்து ஆட்டியது.
எம்.ஜி.யின் விலாப்புறம் படுத்து
எண்ணெய் பம்பைக் கழற்றினேன்.
கடைசி போல்ட் மட்டும் மனசில்லாமல் வந்தது.
கருத்த எண்ணெய் முழங்கை வழியே இறங்கி
சட்டைக்குள் கதகதப்புத் தேடியது.

உள்ளே இரண்டு பல்சக்கரங்கள்.
எழுபது வருஷமாக
ஒன்றின் பல்லிடுக்கில் மற்றொன்று பல்லை வைத்தும்
கடித்துக்கொள்ளாதவை.
மூடியில்தான் இரண்டு வட்டங்கள் தேய்ந்திருந்தன,
ஈரக் கோப்பைகளை எடுத்த பிறகு
மேசையில் நிற்குமே, அப்படி.

ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாய் நுழைத்துப் பார்த்தேன்.
அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி
அதில் மூன்று இருக்க வேண்டிய இடத்தில்
ஏழு நுழைந்தது,
ஆளில்லாத வீட்டுக்குள் போகிற மாதிரி.

பிறகு எப்படி அறுபது?
விற்கும்போது நோலீன் டல்லக் சொன்னாரே:
"ஆப்ரி இருந்தவரை முள் அறுபதை விட்டு இறங்கியதில்லை."

ரிலீஃப் வால்வின் தொப்பியைத் திருகினேன்.
ஸ்பிரிங் வந்தது.
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு காசு,
ஓரமெல்லாம் அராவி
அளவாய் உட்கார வைத்தது.
பெட்ரோலில் கழுவினால்
ஆறு பென்ஸ்; அதில் ஹுயா பறவை.
இந்தத் தீவுகளில் அது அழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.
இல்லாத பறவை
இல்லாத அழுத்தத்தை
இத்தனை காலம் தூக்கிப் பிடித்திருக்கிறது.

ஆப்ரியைத் திட்டினேன், செத்தவரென்றும் பார்க்காமல்.

பழைய ஜன்னல் கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து
மூடியை வைத்து எட்டுப் போட்டேன்,
லைசென்ஸுக்குப் போடுவதுபோல், காலை ஊன்றாமல்.
வட்டங்கள் மங்கின. மறுநாள் ஒன்று. அதற்கும் மறுநாள் மற்றது.
புதுச் சக்கரங்கள் டனீடினிலிருந்து
யாரோ பின்னிய காலுறைக்குள் வந்தன.
காசுக்குப் பதில் எதுவும் வைக்கவில்லை.
பம்பின் வயிறு நிறைய வாஸ்லின் அடைத்து மூடினேன்.
காற்றை மென்றுகொண்டு அது சும்மா சுற்றக்கூடாது.

சனிக்கிழமை நோலீன் வந்தார்.
பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன்.
முள் அசையவில்லை.
அசையவில்லை.
பிறகு, தூக்கத்தில் புரள்வதுபோல் ஒரு நெளிவு.
பிளக்குகளைப் பூட்டி உயிர் கொடுத்தேன்.
சூடேறியதும் நாற்பத்தைந்தில் நின்றது.

"அறுபது இல்லையே."
ஆப்ரி மேல் பழி விழாதபடி
மூன்று நாளாய்க் கோத்து வைத்திருந்த வாக்கியத்தோடு
காசை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"பெரிய அரத்தைக் கேட்டால் தெரிந்துபோகும்.
நகம் அராவுகிறதால் மூன்று ராத்திரி.
கையேட்டைக் குளியலறையில் வைத்துப் படித்தேன்.
நெஞ்சைப் பிளந்து தைத்த வருஷம் அது.
அவர் ரத்த அழுத்தத்தை நர்ஸ் பார்த்தாள்.
அவர் இந்த முள்ளையே பார்த்தார்,
ஐம்பதானால் ஓரம் கட்டுவார், நாற்பதானால் வீடு திரும்புவார்.
இதை வைத்த பிறகு
ட்வைசல் வரை போனோம்.
ஏரி நீலமாயிருக்கிறது என்றார்.
முப்பது வருஷமாக அங்கே போகிறவர்."

பேரிங்குகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தொண்டையில் ஒரு ஸ்பிரிங்.

"நாற்பத்தைந்து போதுமா?"
"தாராளம்."
"அவருக்குப் போதாது," என்று சிரித்துவிட்டு
கையுறை மாட்டிக்கொண்டு
ஓட்டுகிறவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பரேயோரா தாண்டி
நாற்பத்து நான்கா, நாற்பத்து மூன்றா என்று
நான் குனிந்தபடியே இருக்க,
"கடல்," என்றார் நோலீன்,
"உன் பக்கம்தான் இருக்கிறது."