நான் ஆர்

மல்லாவிக் கமநல நிலையத்தில, மாடிப்படிக்குக் கீழ
உரமூட்டை வாசத்தோட கிடக்குது சேர்வர்.
ஏழு வருசமாய் ஆரும் புதுப்பிக்கேல்லை.
நான் ஒப்பந்தம். மூண்டாம் வருசம்.
பாக்கலாம், பதியலாம்.
'அங்கீகாரம்' எண்ட பொத்தான் மட்டும்
எனக்கு எப்பவும் சாம்பல் நிறம்.

அந்த ஓட்டைக்கு ஆரோ மாட்டின்ர பேர் வைச்சிருக்கினம்.
வாசிக்கச் சிரிப்பு வந்தது.
மாடு வேலிக்குள்ள வாற விதம் எனக்குத் தெரியாததே?
ஒண்டு கிழக்கால நிண்டு கம்பியை உரஞ்சும்,
காவலுக்கு நிக்கிறவன் டோர்ச்சோட ஓடுவான்,
அந்த நேரம் பாத்து மற்றது மேற்கால தலையை விடும்.

கேர்னலும் காவல்தான். கேணல் இல்லை, கேர்னல்.
அனுமதி இருக்கோ எண்டு ஒருக்கால் பாக்கும், பிறகு எழுத விடும்.
பாத்த கண்ணுக்கும் எழுதிற கைக்கும் இடையில
ஒரு இமைப்பு.
ஒரு நிரல் எறியும், எறியும், எறிஞ்சுகொண்டே இருக்கும்.
மற்றது எழுதும்.
லட்சந்தரம் பிழைச்சாலும் காரியமில்லை.

ஞாயிறு. கெங்காதரன் சேர் வவுனியாவுக்குப் போட்டார்.
காத்தாடி நிண்டு நிண்டு சுத்துது.
டொலர் குறி மறைஞ்ச இடத்தில
நாலு தடியில கட்டின படலை மாதிரி ஒரு குறி.

நான் ஆர் எண்டு தட்டினன்.
ஓமந்தையில கேட்டவங்கள், முகாமில கேட்டவங்கள்,
பிறகு ஒவ்வொரு பதிவிலயும் கேட்டவங்கள்.
நானாக் கேட்டது இதுதான் முதல்.
ரூட், எண்டது மெசின்.
வேர்.
இலக்கம் பூச்சியம்.

யானை மிதிச்ச வயலுகளின்ர பட்டியலைத் திறந்தன்.
சுகிர்தமலர், ஒண்டரை ஏக்கர், நிராகரிப்பு.
சாம்பல் போய்ப் பச்சையாய் நிக்குது பொத்தான்.
விரலை வைச்சன். எடுத்தன்.

கீழ இறங்கக் கண்டன்:
போன கார்த்திகை, ஒரு ஞாயிறு, இரவு ரண்டு மணி,
பதினொரு பேருக்கு அங்கீகாரம்.
பதினொண்டுக்கும் ஒரே வங்கிக் கணக்கு.
வரைபடத்தில வைச்சுப் பாத்தால்
வயலெல்லாம் குளத்துக்குள்ள விழுகுது.
தண்ணிக்குள்ள ஆற்றை நெல்லை எந்த யானை மிதிச்சது?

எனக்கு முன்னம் ஒண்டு வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கு.
அதின்ர குளம்படி காஞ்சு இறுகிக் கிடக்கு.
பக்கத்தில, ஈரமாய், என்ர.

திங்கள் காலமை கேட்டன்.
"சேர், சேர்வரை அப்டேட் செய்ய வேணும். பெரிய ஓட்டை இருக்கு."
கையெழுத்து வைச்சுக்கொண்டே சொன்னார்,
"அதுக்கு உமக்கு அதிகாரம் இல்லையே பிள்ளை."
திரும்பினன்.
"நேற்று இஞ்ச லைற் எரிஞ்சதாம்," எண்டார்,
பேனை நிண்டிருந்தது,
"ஆர் அது?"