கதவில் ஒரு தொலைபேசி எண்

கோவெல் ஊருக்கு வெளியே
சர்க்கரைக் கிழங்குக் கிடங்கில் எங்கள் பட்டறை.
வியாழனன்று வந்து நின்றது பதினேழாவது பிக்கப்,
வேல்ஸிலிருந்து நாலு நாள் ஓடி.
வெள்ளை நிறம். கதவில் நீல எழுத்தில்
ஒரு குழாய்க்காரரின் பெயர், தொலைபேசி எண்.
குழாய் வேலை போக ஆடும் வளர்த்திருப்பார் போல,
பின்தொட்டியின் போல்ட் இடுக்கெல்லாம் ரோமம்.

செனோவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு
"ஸ்டியரிங்கை எவன் களவாடினான்?" என்றான்.
வலப்பக்கம் பார் என்றேன்.

நான் தெக்லா.
பள்ளிக்கூட பஸ்களுக்கு மஞ்சள் அடித்தவள்.
இப்போது கடையில் கிடைத்த பச்சை,
யாரோ வீட்டு வேலிக்கு வாங்கி மிஞ்சிய பழுப்பு,
கொஞ்சம் கரி.
சுவருக்கு அடிக்கும் உருளையாலேயே அடிக்கிறேன்.
முதலில் குரோமியம், கண்ணில் படுவது அதுதான்.
அப்புறம் கதவு.
குழாய்க்காரர் மூன்று பூச்சில் மறைந்தார்,
சாய்ந்த வெயிலில் மட்டும் லேசாகத் தெரிந்தார்.

செனோவி பிரேக் விளக்கின் ஒயரை வெட்டினான்.
பட்டுக்கல் போல் கூடுதலாக இரண்டு ஸ்பிரிங் தகடு,
கூரையில் காளான் காளானாய் நாலு ஜாமர்.
கதவு திறந்திருந்தால்
பெல்ட் போடாவிட்டால்
டிங் டிங்கென்று கண்டிக்கும் அந்த மணியைத்தான்
அரைநாள் தேடினோம்.
இருட்டில் நின்று ஆள் ஏற்றும்போது
அவ்வளவு அக்கறை ஆகாது.

ஸ்ட்ரெச்சரை வைத்துப் பார்த்தோம். ஒரு சாண் நீளம்.
பின்கதவை அறுத்தெடுத்தோம்.
உயரமானவர்களுக்குக் கால் வெளியேதான் இருக்கும்.
"அப்போ குட்டையாகப் பார்த்து அடிபடச் சொல்கிறேன்"
என்றான் சாவி வாங்க வந்த லுக்கியான்.

ஆட்டைச் சுமந்து மாட்டுத் தீவனம் சுமந்து
மனிதனைச் சுமக்கப் போனது அது.

ஐம்பத்துமூன்றாம் நாள்
இன்னொரு லாரியின் முதுகில் ஏறித் திரும்பியது.
இடப்பக்கக் கதவில் பதினொரு துளை.
லுக்கியானுக்கு ஒரு கீறல்கூட இல்லை.
"இந்தப் பக்கம்தான் சுடுவார்கள்.
ஓட்டுகிறவன் இங்கே இருப்பான் என்று கணக்கு"
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
"அந்த சீட்டில் உருளைக்கிழங்கு மூட்டை வைப்போம்."
செனோவியும் சிரித்தான்.
"அன்றைக்கு மூட்டை இல்லை" என்றான்.

சீட்டை நான்தான் கழுவினேன்.
எத்தனை வாளி என்று எண்ணவில்லை.

கதவில் தண்ணீர் பட்டதும்
துளைகளைச் சுற்றிப் பச்சை உரிந்தது.
குழாய்க்காரர் பெயரில் பாதி,
எண்ணில் ஒன்று குறைவாய் மற்றதெல்லாம்.
குறைந்த இடத்தில் விரல் நுழையும் அளவு துளை.

ஏன் அழைத்தேன் என்று கேட்காதீர்கள்.
பூஜ்யத்தில் தொடங்கினேன்.
ஒருவர் திட்டினார். ஒரு பல் மருத்துவமனை.
நாலு எண்கள் உபயோகத்தில் இல்லை.
ஆறு போட்டதும் அவர் எடுத்தார்.

பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு
உங்கள் வண்டி என்றேன், வெள்ளை வண்டி என்றேன்.
பின்னால் நாய் குரைத்தது,
யாரையோ வாயை மூடச் சொன்னார், நாயைத்தான் போல.
போரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
"ஹீட்டரை ஒன்றில் வைத்தால் வராது, பெண்ணே.
இரண்டில் வை.
வைத்துவிட்டு டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டு.
விற்கும்போது சொல்ல மறந்துபோனேன்,
அங்கே குளிராமே" என்றார்.

லுக்கியான் வாசலில் புகைத்துக்கொண்டிருந்தான்.
போய்ச் சொன்னேன்: இரண்டில் வைத்து, ஒரு தட்டு.
தெரியும் என்றான்.
மோவாயால் இடப்பக்க சீட்டைக் காட்டி
"அவன்தான் கண்டுபிடித்தான். இரண்டாவது வாரமே."

உள்ளே வந்து பச்சை டப்பாவைத் திறந்தேன்.
மேலே ஆடை கட்டியிருந்தது.
குச்சியை விட்டுக் கலக்க ஆரம்பித்தேன்.