அதே நாரை முத்திரை

லூனன்பர்க் கடையில் இரண்டு இழைப்புளிகள்.
இரண்டிலும் அதே நாரை முத்திரை.
உள்ளூர் வார்ப்பு முந்நூற்றுப் பத்து டாலர்,
கப்பலில் வந்தது எண்பத்தைந்து.
"பெயர் ஒன்றுதானே?" என்றேன்.
ஸ்விக்கர் கூரையைப் பார்த்தார்.

எண்பத்தைந்தை எடுத்துக்கொண்டேன்.
அடித்தகட்டில் ஒரு பள்ளம்,
கண்ணுக்குத் தெரியாது, மரத்துக்குத் தெரியும்.
கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி
மூன்று இரவு தேய்த்தேன்.
வெளியே பனி. மூக்குக்குள் இரும்புத் தூள்.
மணிக்கு இவ்வளவு என்று என் கூலியை எழுதிப் பார்த்தேன்,
அந்தத் தாளிலேயே
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டேன்.

திருகு அரைச்சுற்று சும்மா சுற்றும்,
பிறகுதான் அலகு அசையும்.
அந்த அரையை இப்போது
என் விரல் கேட்காமலே கழித்துவிடுகிறது.

நேற்று எல்டன் இரவல் வாங்கிப்போய்
படகு விளிம்பைக் குதறிவைத்தான்.
"குப்பை" என்று பலகைமேல் போட்டான்.
எடுத்து ஒருமுறை தள்ளினேன்.
சீடர் சுருண்டு வந்தது,
பின்னால் அவன் முகம் தெரியும் மெல்லிசில்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நீ கேட்கிறாய், மார்னி, வாங்கலாமா என்று.
மூன்று இரவு இருந்தால் வாங்கு.
யாருக்கும் இரவல் கொடுக்காதே.

அந்த நாரையின் உளி செட்டை மட்டும் தொடாதே.
அது வெண்ணெய்.
தேய்க்கத் தேய்க்க
உன் இரவுகள்தான் கூர்மையாகும்.