பிராண்டியும் முட்டையும்

"அவன் போய்ட்டான்!" என்று கத்தினேன்.
ஏணிமேல் நின்று நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த சவரி
"எவன்?" என்றார்.

கேக் சுடுகிற அவன், மனுஷா.
பதினெட்டு மாதத் தவணை,
இன்னும் நாலு பாக்கி.
நீங்கள் மாட்டிய விளக்குச் சரமும்
நான் மாட்டிய அவனும்
ஒரே பிளக்கில் முண்டியடித்து நுழைந்து
படக்கென்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாசனை.
மெயினைத் தூக்கினோம்.
விளக்கு வந்தது.
அவன் வரவில்லை.

டிசம்பர் இருபத்து நான்கு, மாலை ஆறு.
பகாவில் மூன்று நாளாய்த் துணி காயவில்லை.
சட்டியில் மாவு.
தீபாவளிக்கு மறுவாரம் பிராண்டியில் போட்ட
திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத்தோல்;
அத்தனை வாரம் குடித்த குடி,
மூடியைத் திறந்தால் சம்பளச் சனிக்கிழமைபோல் மணக்கிறது.
முட்டை எட்டு.
பேக்கிங் பவுடரும் போட்டாயிற்று,
அது யாருக்கும் காத்திருக்காது.

எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு அவன்கள் உண்டு.

மக்சிக் ரொஸ்னா வீட்டில் ஒன்று, பெரியது.
கேட்டால் சிரித்தபடி திறந்துவிடுவாள்.
அதனால்தான் கேட்க முடியாது.
உள்ளே என்ன என்று அவள் கேட்கமாட்டாள்,
நான்தான் சொல்ல வேண்டும்.
குடையோடு அவள் கேட்வரை போனேன்.
மழை விடாது போலிருக்கே என்று சொல்லித் திரும்பினேன்.

கோகிலவாணி வீட்டில் இன்னொன்று.
கொடியில் கறுப்பு வேட்டி.
அவள் புருஷன் மாலை போட்டு முப்பத்தைந்து நாள்.
நான் வாயைத் திறக்கவில்லை, அவளே சட்டியைப் பார்த்தாள்.
"முட்டையா?"
"எட்டு."
இருவரும் கொஞ்ச நேரம் மாவையே பார்த்தபடி நின்றோம்.
பிறகு உள்ளே போனவள்
பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கரோடு வந்தாள்,
ஆலைக் குடும்ப நாளில் சீட்டு விழுந்ததாம்.
"இன்னும் சோறே பார்க்காதது.
திருப்பித் தராதே."
கோபமா, தாராளமா,
அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கூடத்தில் பிள்ளைகள் குடில் கட்டுகிறார்கள்.
பழம் உதிர்ந்த செம்பனைக் குலைதான் பெத்லகேம் மலை,
சவரி ஆலையிலிருந்து மோட்டாரில் கட்டி வந்தது.
முள் குத்தி இரண்டு முறை அழுகை.
எண்ணெய் வாடை அடிக்கும் அந்த மலையில்
பஞ்சைப் பிய்த்துப் பனி தூவுகிறாள் பிளாவியா.
ராஜாக்களில் ஒருவரைப் போன வருஷத்திலிருந்தே காணோம்.
அந்த இடத்தில் கிளமெண்ட்
மஞ்சள் லாரி ஒன்றை நிறுத்தியிருக்கிறான்.
ராஜா உள்ளே தூங்குகிறாராம்.

குக்கருக்குக் கேக் என்று ஒன்று தெரியாது.
பத்து நிமிஷத்துக்கொரு தரம் டக்கென்று பொத்தான் எகிறும்,
வெந்துவிட்டது என்று பொய் சொல்லும்.
கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி அமுக்குவேன்.
பிளாவியா எண்ணினாள்: ஒன்பது.
பூசைக்குக் கிளம்புமுன் குச்சி விட்டுப் பார்த்தேன்.
ஈரம்.
சூட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.
விளக்குச் சரத்தைப் பிடுங்கச் சொன்னேன்,
இனிமேல் ஒரு பிளக்கில் ஒருவர்தான்.

கோயிலில் மணியடித்து எல்லாரும் எழுந்து பாடும்போது
அடிப்பிடித்திருக்குமோ என்பதே என் ஜெபம்.
சத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று
ஃபாதர் வாசிக்க,
சவரி முழங்கையால் இடித்தார்.
உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

வீடு வரும்போது ஒன்றேகால்.
காகித நட்சத்திரம் மழையில் ஊறி
ஒரு முனை தொங்கிக் கிடக்கிறது.
வரிசை முழுக்க இருட்டு.
அடுக்களையில் மட்டும்
ஆரஞ்சு நிறத்தில் சின்னதாய் ஒரு பொட்டு
எரிந்துகொண்டிருந்தது.
யாருக்கும் விளக்கைப் போடத் தோன்றவில்லை.
ஈரக் காலோடு அதைச் சுற்றி நின்றோம்.

"மூடியைத் திற" என்றார் சவரி.
"நீங்க திறங்க" என்றேன்.