மீட்டர் போடாத ஓட்டம்

மாசத்தில ஒரு வியாழன்
காலமை ஆறே காலுக்கு
இணுவில் ஒழுங்கை முகப்பில நிப்பினம்.
மயூரதியின்ர கையில மஞ்சள் சொப்பிங் பை,
அதுக்குள்ள நாலு வருசக் கடுதாசி.
ரூபன் எப்பவும் இடப்பக்கம் ஏறுவான்,
றோட்டில குழி அந்தப் பக்கம்தான் கூட.

முதல் வருசம் நான் வாய் மூடேல்லை.
கீரிமலையில ஒருக்கா முழுகுங்கோ,
கோப்பாயில ஒரு பரியாரி இருக்கிறார்,
என்ர மச்சாளுக்கு ஒன்பதாம் வருசம் கிடைச்சது,
யோசிக்காமல் விட்டால் தானா வரும்.
பின்கண்ணாடியில அவ
தலையாட்டிக்கொண்டே இருந்தவ.
அதைச் சம்மதம் எண்டு
எத்தினை நாள் நினைச்சன்.

பிறகொருநாள், ஆஸ்பத்திரி வீதித் தேத்தண்ணிக் கடை.
"எல்லாம் நோர்மல் எண்டிட்டினம் அண்ணை."
நல்ல செய்தி சொல்லுற குரல் இல்லை அது.
"அவவுக்கும் நோர்மல். எனக்கும் நோர்மல்.
காரணம் தெரியாதெண்டு
இங்கிலீசில எழுதித் தந்திருக்கினம்."

எனக்குச் சட்டெண்டு ஞாபகம் வந்தது
போன மாரிக்கு ஓட்டோ படுத்த கதை.
பிளக் நல்லது, வயர் நல்லது,
எண்ணெய் வருது, நெருப்பு வருது,
பாஸ் மூண்டு தரம் கழட்டிப் பூட்டினவர்,
ஸ்டாட் மட்டும் இல்லை.
பிறகு ஒரு விடியப்பறம் தானாக—

சொல்ல வாயெடுத்தன்.
அவன் கோப்பையை ரெண்டு கையாலும் பிடிச்சிருந்தான்.
அதில சூடு எப்பவோ போட்டுது.
கதையை விழுங்கினன்.
"இன்னொரு பிளேன்ரீ?"
"ஓம்."
ரெண்டு வருசத்தில அண்டைக்குத்தான்
அவனுக்கு நான் ஏதோ குடுத்தது.

சந்தியில கேப்பினம்:
உன்ர ஓட்டோவிலதானே போகினம், ஆரில குறை?
சைலன்சரில குறை எண்டுவன்.
சத்தத்தில பின்னால கதைக்கிறது
ஒண்டும் கேக்கிறேல்லை.

என்ர சீற்றுக்குப் பின்னால
ஒரு குழந்தைப் படம் ஒட்டியிருந்தது,
பல்லில்லாமல் சிரிக்கிற படம்,
வாங்கேக்கயே இருந்தது.
ஒரு புதன் இரவு, ரோச் லைற் பிடிச்சு
நகத்தால சுரண்டி எடுத்தன்.
மண்ணெண்ணெய் போட்டும்
பசை முழுக்கப் போகேல்லை.

அடுத்த நாள் அவை
வழமையிலும் கெதியா வெளியில வந்திச்சினம்.
இந்த மாசமும் இல்லை.
ஆரும் எனக்குச் சொல்லேல்லை, பையை அவ
நெஞ்சோட பிடிச்சிருந்த விதம்.
"வீட்டை நேர போகாதேங்கோ அண்ணை."
மீட்டரை நிப்பாட்டினன்.

பண்ணைப் பாலத்தில சோளகம் அடிச்சுது.
களங்கண்டித் தடியள் மேல
நீர்க்காகம் செட்டை விரிச்சுக் காயுது.
அவை ரெண்டுபேரும் அணைக்கட்டில இருந்தினம்,
நடுவில ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு.
கொஞ்சம் செல்ல அந்த இடம் இல்லை.
நான் ரயருக்குக் காத்துக் காணுமோ எண்டு
நாலு தரம் பாத்தன்,
மூண்டு ரயர்தான் இருக்கு.

திரும்பி ஏறேக்க
பசைத் தழும்பில விரல் வைச்சா.
"அந்தப் பிள்ளை எங்க அண்ணை?"
"வெயிலுக்கு உரிஞ்சிட்டுது."
"நகக் கீறல் கிடக்கு."

நான் கண்ணாடியைத் துடைச்சன்.

"அது என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறது.
சில வியாழன் அதைப் பாக்கவே ஏலாது.
சில வியாழன் அதை மட்டும்தான் பாக்க ஏலும்.
இனிக் கழட்ட முதல் கேளுங்கோ."
கோவமில்லை. கொஞ்சம் சிரிச்சமாதிரியும் இருந்தது.

"எந்தப் பக்கத்தால போறது?" எண்டு கேட்டன்.
ஒருநாளும் கேட்டதில்லை,
பாதை எனக்குத்தானே தெரியும்.
அவ ரூபனைப் பாத்தா. அவன் அவவைப் பாத்தான்.
"மானிப்பாயால விடுங்கோ,
சுத்தெண்டாலும் பரவாயில்லை."

அண்டைக்கு ரூபன் மறதியில
வலப்பக்கம் ஏறியிருந்தான்.
நான் குழி பாத்து ஓடினன்.